ஹேதே ஊர்ச் சீத்தா

கிரனாடா நகரிலிருந்து தெற்கே காரில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் பனி மூடிய மலையைத் தாண்டி மாந்தோப்புக்குள் வந்துவிடலாம். வடக்கே சியர்ரா நெவாடா. அதன் உச்சியான முலாசென் 3,479 மீட்டர். குளிர்காற்றை அந்த மலைத்தொடர் தடுத்துக்கொள்கிறது. தெற்கே மத்தியதரைக் கடல், ஜனவரியிலும் கரையை உறையவிடாமல் காக்கிறது. இரண்டுக்கும் நடுவே அல்முன்யேகர், ஹேதே, ஓத்திவார் என்று ரியோ வெர்தே ஆற்றுப் பள்ளத்தாக்கில் வரிசையாக ஊர்கள். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, கல் அடுக்கிக் கரை கட்டிய வயல்கள். அவற்றில் நிற்பது சிரிமோயா மரம். உலகிலேயே மிக அதிகமாக இந்தப் பழம் விளைவது ஸ்பெயினில். ஸ்பெயினுக்குள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கடலோரத்திலும் பக்கத்து மாலகா கடலோரத்திலும் விளைவதுதான்.

சிரிமோயா நம் சீத்தாவுக்குப் பங்காளி. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்து மரங்கள். கடல் கடந்த ஐரோப்பியர்கள் வழியாகத்தான் நம்மிடமும் இந்தக் கரைக்காரர்களிடமும் வந்து சேர்ந்தன. சிரிமோயாவின் பிறப்பிடம் ஆண்டிஸ் மலை என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. பக்கத்தில் அல்காரோபோ ஊரிலுள்ள லா மயோரா ஆய்வு நிலையத்தார் மற்ற நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து மரபணுக்களை ஒப்பிட்டு, அது மத்திய அமெரிக்காவாக இருக்கவேண்டும் என்று 2017-இல் எழுதினார்கள்.

நான் வளர்ந்தது பச்சைமலை அடிவாரத்தில். அங்கே சீத்தாவை யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. மழை முடிந்ததும் கரட்டில் தானாகக் காய்க்கும். கண் திறந்த காயாகப் பார்த்துப் பறித்து வந்து அரிசிப் பானைக்குள் போட்டுவைத்தால் இரண்டொரு நாளில் பழுத்துவிடும். ஹேதேயின் பழம் அதைவிடப் பெரியது. செதில் புடைத்திருக்காது, பச்சைத் தோலில் பெருவிரல் ரேகை அழுத்திய மாதிரி தடங்கள் மட்டும் இருக்கும். சதை மணல் மணலாக இல்லாமல் வழவழப்பாக, இனிப்போடு லேசான புளிப்பும் சேர்ந்து வரும். உண்மையில் இதுதான் ருசியான பழம். மனசுக்குப் பிடித்தது அது, நாக்குக்குப் பிடித்தது இது என்று வைத்துக்கொள்ளலாம். கொட்டை இரண்டிலும் ஒன்றே: கறுப்பு, பளபளப்பு, உள்ளே விஷம். எங்கள் ஊரில் அதை அரைத்துப் பேனுக்குத் தேய்ப்பார்கள். கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகளை அண்டவிடமாட்டார்கள்.

ஆனால் சிரிமோயா இங்கே தானாகக் காய்த்துக்கொண்டு நிற்பதில்லை. இங்கே குடியேறிய பிறகு, என் பக்கத்து வீட்டு அம்மாளின் தோப்பில்தான் அதன் பாடு எனக்குப் புரிந்தது. எழுபது வயதைத் தாண்டியவர். கோடையின் தொடக்கத்தில் பூ வரும். பூ என்றால் கண்ணைப் பறிக்கும் பூ அல்ல. இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கும், தடித்த மூன்று இதழ், வெளிப்புறம் பழுப்பும் பச்சையும் கலந்த மென்மயிர். ஒரே பூ முதலில் பெண், பிறகு ஆண். பெண்ணாக இருக்கும்போது இதழ் நுனி லேசாகத்தான் பிரிந்திருக்கும். மறுநாள் பிற்பகல் இதழ் அகல விரிந்து மகரந்தம் உதிரும்போது சூல்முடியின் பசை காய்ந்துபோயிருக்கும். அதனால் தன் மகரந்தம் தனக்கே உதவாது. தாய்மண்ணில் சின்னச்சின்ன வண்டுகள் பூவுக்குப் பூ போய் அந்த வேலையைச் செய்கின்றன. அந்த வண்டுத்துணை இங்கே இல்லை. வேறு சிறு பூச்சிகள் கொஞ்சம் உதவுகின்றன, ஆனால் அதை நம்பி விட்டால் காய் குறையும், பிடித்த காயும் கோணிப்போகும்.

ஆகவே கைவேலை. மாலையில் விரிந்த பூக்களைப் பறித்து, தாளில் உதறி, சல்லடையில் சலித்து, வரும் மஞ்சள் பொடியைச் சிறு புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார் அந்த அம்மாள். காலையில், வெயில் ஏறுவதற்குள், மெல்லிய தூரிகையோடு ஏணியில் ஏறுகிறார். இடது கை விரலால் ஓர் இதழை ஒதுக்கி, தூரிகையை உள்ளே விட்டு, அந்த வெள்ளைக் கூம்பைச் சுற்றி ஒரு முழு வட்டம். "எல்லாப் பக்கமும் படணும் கண்ணு, விட்ட பக்கம் பள்ளமாகிடும்" என்று எனக்குச் சொன்னார். அந்தக் கூம்பில் நூறுக்கு மேல் சூலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மகரந்தம் பெற்றால்தான் அந்த இடத்தில் சதை பிடிக்கும். சந்தையில் உருண்டு திரண்ட ஒரு பழத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் இப்படி ஒரு கை சுழன்றிருக்கிறது.

அக்டோபரில் அறுவடை தொடங்கும். கத்தரித்து எடுத்து, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்க வேண்டும். உரசிய இடம் கறுத்துவிடும். சில நாளில் குழைந்துவிடும் என்பதால் தூர தேசப் பயணம் தாங்காது. விளைவதில் பெரும்பங்கு ஸ்பெயினுக்குள்ளேயே விற்றுப்போகிறது. இந்தக் கடலோரத்துச் சிரிமோயாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. பெயருக்குப் பாதுகாப்பு இருக்கிறது, விவசாயிக்கு இல்லை. அவகாடோவும் மாங்காயும் லாரி ஏறி வடக்கு ஐரோப்பா முழுக்கப் போகின்றன. பூவுக்குப் பூ தூரிகை பிடிக்கவும் வேண்டாம். எனவே படி படியாகச் சிரிமோயாவை வெட்டி அவற்றை நடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தண்ணீர்ப் பாடு இந்த மூன்று மரங்களுக்கும் பொது. ரியோ வெர்தேயின் நிலத்தடி நீரை அதிகம் இறைத்து, கடல் உப்பு உள்ளே ஏறியிருக்கிறது. கிழக்கே குவாதால்பேயோ ஆற்றில் ரூலெஸ் அணை 2004-இல் கட்டி முடிந்தது. அந்த நீரை வயலுக்குக் கொண்டுவரும் குழாய்களுக்காக விவசாயிகள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்துவருகிறார்கள்.

இந்தக் கரை ஒரு பயிரை ஏற்கெனவே இழந்திருக்கிறது. அரபியர் கொண்டுவந்த கரும்பு ஆயிரம் ஆண்டு இங்கே விளைந்தது. 2006-இல் சலோப்ரேன்யா அருகே லா கலேத்தா சர்க்கரை ஆலை மூடியதும் அந்தப் பயிர் போயிற்று. பக்கத்து மோத்ரில் ஊரில் கரும்பு வெட்டிய கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டுவார்கள், வெட்டக் கரும்பு இல்லை. தூரிகைக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன். அதற்கு விலை கிடைக்க வேண்டும்: கையால் சூல் பிடித்த பழத்துக்குத் தனி விலை, பெட்டியின் மேல் எழுதித் தெரியும்படி.

அம்மாளின் பேரன் கீழ்ப்படிகளில் அடுத்த வசந்தத்தில் மாங்கன்று நடப்போகிறான். மேல் இரண்டு படி சிரிமோயாவாகவே இருக்கும் என்று இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். ஏணி ஏற அவருக்கு இனி முழங்கால் ஒத்துழைக்காது. பூக்காலத்தில் காலைகளில் வந்து தூரிகை பிடிக்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.