வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் மருந்தல்ல

அடைமழை ஓய்ந்து தை பிறந்ததும் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். "சார், தினமும் தண்ணீர் ஊத்துறோம், செடி வாடிக்கிட்டே போகுது. இன்னும் கொஞ்சம் ஊத்தலாமா?" எனக்கு வேலை மீஞ்சூர் வட்டாரத்தில், குடியிருப்பு திருவொற்றியூரில். காலையில் கத்தரி, மிளகாய் நாற்றங்காலைப் பற்றிக் கேட்பார்கள். மாலையில் அக்கம்பக்கத்தார் துளசி, கறிவேப்பிலை, மணி பிளான்ட் தொட்டிகளைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு இடத்திலும் நான் சொல்வது ஒன்றுதான். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள்.

விரல் இரண்டு அங்குலம் இறங்கியும் மண் காய்ந்திருந்தால் அது தாகம், தண்ணீர் ஊற்றலாம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேர் வேலை செய்யவில்லை என்று பொருள். அப்போது ஊற்றும் ஒவ்வொரு சொம்புத் தண்ணீரும் நோயைத்தான் வளர்க்கும்.

வேர் தண்ணீரை உறிஞ்ச வேண்டுமானால் முதலில் அது மூச்சு விட வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் காற்று இருக்கிறது. அந்தச் சந்துகளைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறி வலுவிழக்கும். அந்த நேரம் பார்த்து பித்தியம், பைட்டோப்தோரா போன்ற கிருமிகள் நுழைகின்றன. இவற்றின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போய் வேரைப் பிடிப்பவை. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை அழித்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணமானது இந்தப் பைட்டோப்தோரா இனத்தில் ஒன்றுதான்.

"நெல்லு தண்ணியிலேயே நிக்குதே?" என்று விவசாயிகள் கேட்பார்கள். நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுப் போகும் வழிகள் உண்டு. மேலே இருக்கும் காற்று அவற்றின் வழியாக வேருக்கு இறங்கும். கறிவேப்பிலைக்கும் மல்லிக்கும் துளசிக்கும் அந்த வசதி இல்லை.

எங்கள் பகுதியில் வேரழுகலுக்கு இன்னும் சில காரணங்கள் சேர்கின்றன. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் சந்துகளில் வெயில் விழும் இடம் குறைவு. மாடிப்படியிலும் ஜன்னல் ஓரத்திலும்தான் தொட்டி வைக்க இடம் கிடைக்கும். கடல் காற்றில் ஈரம் அதிகம். லாரி போகும் சாலையின் தூசி இலையில் படிந்துவிடும். இலை மூச்சு விடுவது குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும், தொட்டி காயாமலே கிடக்கும். செடி வளர்க்கும் பாத்திரமோ பெரும்பாலும் பழைய பெயின்ட் வாளி, அல்லது மீன் வைத்த தெர்மாகோல் பெட்டி. பல பெட்டிகளில் அடியில் ஓட்டையே இருக்காது.

உப்பு இன்னொரு காரணம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அதிகமாக உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே புகுந்தது பலருக்கும் தெரியும். கரையோரப் போர்த் தண்ணீரிலும் உப்பு ஏறிய இடங்கள் உண்டு. உப்பால் வாடிய செடியையும் வேரழுகல் வந்த செடியையும் மேலே பார்த்துப் பிரிப்பது கடினம். தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தால் தெரியும். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, தொட்டால் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கறுத்துக் கொழகொழவென்று இருக்கும். விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கும். சாக்கடை நாற்றமும் வரும். உப்பாக இருந்தால் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்கும், இலை நுனியில் கருகலும் தெரியும். வேர் நிறம் மாறியிருந்தாலும் குழையாது. அதற்கு நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியே வழியும்படி ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். வேரழுகலுக்கு அதே தண்ணீர் எமன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. அடுத்த மாதம் எர்ணாவூரில் ஒரு மீனவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் மல்லிச் செடி. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தவறுவதற்கு முந்தின வருஷம் வாங்கிவந்து வைத்தது. இலையெல்லாம் மஞ்சள். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டிரம்மைச் சாய்த்தோம். மண்ணில் எண்ணெய்ப் பிசுக்கு, வேரில் முக்கால்வாசி கறுப்பு.

"வேரு போயிட்டா செடி போச்சுதானே சார்?" என்றார்.

"இந்த வேரைக் காப்பாத்த முடியாதும்மா. ஆனா மேல் கிளை பச்சையா இருக்கு. அதுவும் இதே செடிதான்" என்றேன்.

பட்டையைக் கீறிப் பச்சை தெரிந்த கிளைகளாகப் பார்த்து, மூன்று நான்கு கணு உள்ள குச்சிகள் ஆறு வெட்டினோம். கழுவிய ஆற்று மணலில் நட்டு நிழலில் வைத்தார். மூன்று துளிர்த்தன. எண்ணெய் பட்ட மண்ணை மறுபடி பயன்படுத்தாமலும் கால்வாயில் கொட்டாமலும் மூட்டை கட்டி மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்களிடம் கொடுக்கச் சொன்னேன். வேர் முழுக்கப் போன செடியில் மருந்துக்குச் செலவழிப்பதைவிடக் குச்சி எடுத்துக்கொள்வது நல்லது. மணி பிளான்ட், கற்பூரவல்லி, செம்பருத்தி, வெற்றிலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பாதி வேராவது நன்றாக இருந்தால் செடியைக் காப்பாற்றலாம். செடியை மண்ணோடு எடுத்து வேரைக் கழுவுங்கள். அழுகியதை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரிக்கோலால் நல்ல வேர் தெரியும் வரை வெட்டுங்கள். வேரை எவ்வளவு குறைத்தீர்களோ அந்த அளவுக்குக் கிளையையும் குறைக்க வேண்டும். சோற்றுக் கற்றாழையாக இருந்தால் வெட்டுக்காயம் ஆற இரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். பழைய மண் வேண்டாம். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். தொழு உரத்தில் கிலோவுக்கு 10 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரம் காட்டி ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து சேர்த்தால் நல்ல காவல். நட்டதும் ஒரு முறை தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு மேல்மண் காய்ந்தால்தான் அடுத்தது. புதுத் துளிர் வரும் வரை உரம் கூடாது.

அழகுச் செடியில் நோய் முற்றியிருந்தால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யுங்கள். கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி போல வாயில் போடும் செடிகளுக்கு வேண்டாம். இந்த மருந்தையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவே 15 நாள் இடைவெளி விடுங்கள்.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். எந்தப் பாத்திரமானாலும் அடியில் நான்கைந்து ஓட்டை போடுங்கள். மண் அடைக்காமல் ஓட்டை மேல் ஓட்டுச் சில்லு வைத்தால் போதும். அடியில் ஜல்லி நிரப்பினால் வடிகால் ஆகிவிடும் என்பது தவறு. ஈரம் ஜல்லிக்கு மேலே உள்ள மண்ணில் தங்கத்தான் செய்யும். தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சின்னச் செடிக்குப் பெரிய தொட்டி வேண்டாம். தள்ளுவண்டியில் வாங்கும் ரோஜாவின் வேரைச் சுற்றியிருக்கும் களிமண் உருண்டையை மெதுவாக உதிர்த்துவிட்டு நடுங்கள். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் இலைத் தூசியைத் துடையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நனைக்கும் தொட்டிக்குத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

வயல்காரர்களுக்கும் இதே பாடம்தான். மிளகாய், கத்தரி நாற்று கழுத்தழுகிச் சாய்வதற்கும் இந்தப் பித்தியம்தான் பெரும்பாலும் காரணம். மேட்டுப்பாத்தி, வடிகால் வாய்க்கால், நெருக்கமில்லாத விதைப்பு, கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி ஆகிய நான்கையும் மறக்காதீர்கள்.

செடி வாடுகிறது என்று எழுதும்போது மூன்று விவரம் சேர்த்து எழுதுங்கள். எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், பாத்திரத்தில் ஓட்டை உண்டா, வேர் என்ன நிறம். இந்த மூன்றும் தெரிந்தால் சரியான பதில் சொல்லிவிடலாம்.