சுமையும் வேகமும்

திங்கள், இரவு

இன்று எருமூட்டைகளைப் பொலேரோ பிக்கப்பில் ஏற்றிப் பொள்ளாச்சித் தோப்பில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகக் கோவைக்குத் திரும்பினேன். திரும்பும் வழியில் சிறு பள்ளத்துக்கும் துள்ளிக் குதித்த அதே பின்புறப் பட்டா ஸ்பிரிங்குகள், போகும்போது பாரத்தால் வளைவு குறைந்து, தகட்டின்மேல் தகடு படிந்து, எந்தக் குழியையும் நிதானமாக வாங்கிக்கொண்டு சென்ற நேர்த்தியை எத்தனை முறை அனுபவித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. 1.7 டன் பாரத்துக்கென்று அமைந்த வாகனத்தைக் காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டுச் சௌகரியம் போதாது என்று குறை கூறுவோர், அதன் சுபாவத்தையே அறியாதவர்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வியாழன்

ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் 2017ஆம் வருஷத்து ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, மாலையில் போய்ப் பார்த்தேன். பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் சுமார் 75 குதிரைசக்திதான் தருகிறது. இந்தக் காரின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோ 230 குதிரைசக்தி தருகிறது. ஆயினும் முன்னதை மட்டமென்று தள்ளுவது அநியாயம். ஏனெனில் நிமிஷத்துக்கு 1400 சுற்றிலேயே தன் முழு இழுவிசையையும் எட்டி, மூட்டைகளோடு மேடேறும்போது திணறாமலிருப்பது அதன் தர்மம். டர்போவின் துணையால் 6000 சுற்றைத் தாண்டியும் தளராமல் பாய்வது இதன் தர்மம்.

பானட்டின்மேல் கை வைத்தேன், சுட்டது. என் மெக்கானிக் பலகாலமாகச் சொல்லிவருவது நினைவுக்கு வந்தது: “எஞ்சின் ஆறிக் கெடக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணிப் பாக்கோணுங்கண்ணா. சூடு பண்ணி வெச்சுக் காட்டுனா பாதி நோவு தெரியாதுங்க.” விற்பவரிடம் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிறு

பிக்கப்பை விற்றுவிட்டு, பாரமும் சுமந்து வேகமாகவும் ஓடக்கூடிய ஒரே வாகனமாக வாங்கிக்கொள்ளும்படி நண்பர் ஒருவர் இன்று மிகுந்த பிரியத்தோடு யோசனை கூறினார். அமெரிக்காவில் 1991இல் ஜிஎம்சி நிறுவனம் வெளியிட்ட சைக்ளோன் என்னும் பிக்கப்பைப் பற்றி அவருக்கு விஸ்தாரமாகச் சொன்னேன். ஆறு சிலிண்டர் எஞ்சினில் டர்போவைப் பொருத்தி 280 குதிரைசக்தியை வரவழைத்த அந்த வண்டி, ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை நடத்திய கால் மைல் பரீட்சையில் ஃபெராரியையே முந்தியது. ஆனால் அதன் பின்தட்டில் ஏற்றலாமென்று அனுமதித்த பாரம் ஏறக்குறைய 225 கிலோதான். நம் தோப்பில் நான்கைந்து எருமூட்டைகளுக்கே அது காணாது. அதன் வேகத்தை நான் மனமார மெச்சுகிறேன். எனினும் அதை லாரி இனத்தில் சேர்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேகத்துக்கென்றே ஒரு யந்திரத்தைப் படைப்பது எப்படி என்பதை இந்த ஊருக்குக் கற்பித்தவர், லட்சுமி மில்ஸ் குடும்பத்தில் பிறந்த கரிவர்தன். சாமானியக் குடும்பங்களின் காருக்கு உதவிய மாருதி எஞ்சினைக் கொண்டே, அநாவசியமான எடை எதுவுமின்றி ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களை வடிவமைத்து, பெருந்தனவந்தரல்லாத இளைஞர்களும் பந்தயத்தில் இறங்க வழிசெய்த அந்த மேதை, 1995இல் சிறு விமான விபத்தொன்றில் அகால மரணமடைந்தது கோவைக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆர்எஸ் என் கைக்கு வந்தால், பொதுச்சாலையில் அதை விரட்டாமல், அனுமதி கிடைக்கும் நாளில் அந்தத் தடத்தில்தான் அதன் முழு வேகத்தைப் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறேன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சின் சத்தம் சுத்தமாக இருந்து, புகைக்குழாயில் நீலப்புகை தோன்றாமல், 60,000 கிலோமீட்டருக்கொரு முறை மாற்ற வேண்டிய கியர்பாக்ஸ் ஆயிலின் ரசீதும் கைக்குக் கிடைத்தால், அட்வான்ஸ் கொடுத்துவிடுவேன். பிக்கப்பை விற்கும் பேச்சுக்கே இடமில்லை.