நூத்தியிருபது வோல்ட்டுக்கு ஒரு பக்கம்

கணபதியிலிருந்து சத்தி ரோட்டில் வடக்கே வந்தால், பவுண்டரி வாடை விலகியதும் சரவணம்பட்டி. இப்போது எங்கு பார்த்தாலும் கண்ணாடிக் கட்டடங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இது பேரூராட்சி; 2011இல்தான் கோவை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். விலாசம் மாறியது, பஸ் கூட்டம் மாறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் கூகுள் எச்ரெஃப்லாங் என்று ஒரு குறிப்பைக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனிக்கு நாட்டுக்கொரு பக்கம் இருந்தால், எந்தப் பக்கம் யாருக்கு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒற்றை வரி அது. பார்க்கிறவர் கண்ணில் படாது. அதை எழுதியும் திருத்தியும் இந்த ரோட்டில் பல பேருக்குச் சம்பளம் ஓடுகிறது, எனக்கும்தான்.

அந்த வரி என்றால் எனக்கு மாவு கிரைண்டர் ஞாபகம்தான் வரும். 1950களில் இந்த ஊரில் பிறந்த சாமான் அது, பி. சபாபதி உருவாக்கியது என்பார்கள். இன்று புவிசார் குறியீடே இருக்கிறது. இட்லி தின்கிறவன் போன நாட்டுக்கெல்லாம் கிரைண்டரும் போனது. கரண்ட் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் பாதியானால் மோட்டாரின் இழுவை கால்வாசியாகிவிடும். ஊறின அரிசியோடு கல் அசையாது, உறுமும்.

கணபதியில் கிரைண்டர் செய்யும் அண்ணன் ஒருவர் ஒருநாள் வந்து உட்கார்ந்தார். "ஏனுங் தம்பி, அமெரிக்காவுக்குன்னு தனிப் பக்கம் போட்டிருக்குதுங்க. ஆனா அங்கிருக்கறவங்க தேடுனா நம்மூர்ப் பக்கமே வருதுங்களே?" அதைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர்கள் உண்டு. ஊருக்கு வந்த சொந்தக்காரரிடம் பெட்டியைக் கொடுத்தனுப்பி, நியூஜெர்சியில் பிரித்துப் பார்த்தால் 230 வோல்ட்.

திறந்து பார்த்தோம். அமெரிக்கப் பக்கம் இந்தியப் பக்கத்தைச் சுட்டியிருந்தது. இந்தியப் பக்கம் திருப்பிச் சுட்டவில்லை. இது மொய் மாதிரி, எழுதினவருக்குத் திருப்பி எழுத வேண்டும். ஒருதலையாகச் சுட்டினால் கூகுள் அந்த ஜோடியைக் கணக்கில் எடுக்காது. அதைவிடப் பெரிய கோளாறு, எது மூலப் பக்கம் என்று சொல்லும் கனானிக்கல் குறிப்பு. எல்லா நாட்டுப் பக்கமும் "என் மூலம் இந்தியப் பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தன. நகல் என்று தானே ஒப்புக்கொண்ட பக்கத்தை எவன் முன்னால் நிறுத்துவான்?

குறியீட்டிலும் கூத்து. முதலில் மொழி, பிறகு நாடு. நாட்டை மட்டும் போட முடியாது. மலேசியாவுக்கு என்று 'எம்ஒய்' மட்டும் போட்டால் அது பர்மிய மொழி. 'சிஏ' கனடா அல்ல, கேட்டலான். 'எஸ்ஜி' மத்திய ஆப்பிரிக்காவின் சாங்கோ. ஆங்கிலத்துக்குரிய 'இஎன்' போல ஒரு மொழிக் குறியீடு முன்னால் வந்தால்தான் இவை நாடாகும். பிரிட்டனுக்கு 'ஜிபி' போட வேண்டும், 'யூகே' செல்லாது. இணைய முகவரியில் மட்டும் அவர்கள் யூகே! இதை வகுத்தவர்களைச் சத்தி ரோட்டு டிராஃபிக்கில் ஒரு சாயங்காலம் நிற்க வைக்கலாம்.

அண்ணன் பிறகு வேறொரு யோசனை சொன்னார்: "வர்றவங்க எந்த நாடுன்னு தெரியுதுல்லீங்க, நேரா அந்தப் பக்கத்துக்கே தள்ளி விட்டுட்டா?" பலரும் செய்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. டொராண்டோவில் இருக்கும் மகளுக்குக் கிரைண்டர் வாங்க நினைக்கும் அப்பா விளாங்குறிச்சியில் உட்கார்ந்துதான் தேடுவார். அவரைக் கதவருகிலேயே பிடித்து 230 வோல்ட்டுக்குத் தள்ளினால் மறுபடி நியூஜெர்சிக் கதைதான். கூகுளின் தேடுநிரலும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. அதையும் தள்ளினால் மற்ற நாட்டுப் பக்கங்கள் அதன் கண்ணிலேயே படாமல் போகலாம். எந்த வகையிலும் சேராதவர்களுக்கென்று 2013இல் 'எக்ஸ்-டிஃபால்ட்' என்ற குறியீடு வந்தது. நாடுகளின் பட்டியல் உள்ள பக்கத்தை அதற்குக் கொடுத்தோம்.

2017இல் கூகுள், தேடுகிறவர் தன்னுடைய எந்த நாட்டு முகவரி வழியாக நுழைந்தாலும் அவர் இருக்கும் இடத்துக்கான முடிவையே காட்டத் தொடங்கியது. 2022இல் இந்தக் குறிப்புகளின் பிழைகளைக் காட்டிவந்த அறிக்கையையும், தளம் நடத்துகிறவர்களுக்கான சர்ச் கன்சோலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் பிழை தேடுவது நம் பாடு.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கூகுளுக்கு இது ஒரு சாடைதான், கட்டளை இல்லை. விலையை மட்டும் டாலரில் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் அச்சு அசலாக இருந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடவும் கூடும். வெளிநாட்டுக்குச் சாமான் அனுப்புகிறவர்களே, வோல்ட், பிளக், வாரண்டி, யார் ரிப்பேர் செய்வார்கள் என்பதை அந்தந்த நாட்டுப் பக்கத்தில், தலைப்பிலேயே தெரியும்படி எழுதுங்கள். தேடுபொறி தப்பான பக்கத்தைக் காட்டினாலும், வாங்குகிறவர் பணம் கட்டும் முன் பார்த்துக்கொள்வார்.