பங்கு வைப்பது யார்?

வெளிநாட்டு உதவி வந்தால் வறுமை குறையும், வறுமை குறைந்தால் சண்டை ஓயும் என்று மேடைகளில் சொல்வார்கள். கிழக்கிலங்கையில் எழுபது வயதைக் கடந்த எவரும் அதை அப்படியே ஏற்கமாட்டார்கள். உதவி சண்டையைத் தணித்ததையும் பார்த்திருக்கிறோம், மூட்டியதையும் பார்த்திருக்கிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் கரையோர ஊர்களை அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். சில வாரங்களில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் காசும் கூடாரமும் படகும் வந்து இறங்கின. வந்தவர்களின் நல்ல மனதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். ஆனால் வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருந்தவர்களுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். மறுபக்கத்தில், போரில் ஊரை இழந்து வருடக்கணக்காகத் தறப்பாளின் கீழ் கிடந்த குடும்பங்களுக்கு ஒன்றுமில்லை. அது சுனாமிக்கென்று ஒதுக்கிய காசு, வேறு எதற்கும் எடுக்க முடியாது என்றார்கள். கடல் கொண்டுபோனால் கல்வீடு, ஷெல் விழுந்தால் தறப்பாள்தானா என்று அந்தச் சனம் கேட்டது. அதற்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழும்பின. சுனாமியில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களை நினைத்துத் தொடங்கிய திட்டம். ஓர் இனத்துக்கு மட்டும் எப்படிக் கொடுக்கலாம் என்று வழக்குப் போனது. நாட்டின் இன விகிதப்படி பகிர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். கட்டிய வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் புதர் மண்டிக் கிடந்தன. இதில் கொடுத்தவர்மேலும் பிழையில்லை, காத்திருந்தவர்மேலும் பிழையில்லை. யாருக்கு என்ன பங்கு என்பதைக் கல் வைக்கும் முன்பே தமிழ், முஸ்லிம், சிங்களம் என மூன்று சமூகமும் ஒரு பாயில் இருந்து பேசியிருக்க வேண்டும்.

பெரிய அளவில் நடந்ததும் இதுதான். உதவியைச் சேர்ந்து பகிர அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று பொதுக் கட்டமைப்பு ஒன்றுக்கு உடன்பட்டார்கள். அதை எதிர்த்து ஜே.வி.பி. முன்னமே அரசை விட்டு விலகியிருந்தது. கடலோரத்தில் பேரிழப்பைக் கண்ட முஸ்லிம்களுக்கு அதில் கையொப்பமிடும் இடமே இருக்கவில்லை. அடுத்த மாதம் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை நிறுத்திவைத்தது. 2006இல் மீண்டும் முழுப் போர். அதே கடல் அழித்த இந்தோனேசியாவின் ஆச்சேயிலோ போரை முடிக்க, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. உதவிதான் அங்கே சமாதானத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் இழப்பு ஒன்றாக இருந்தும் இரண்டு கரைகளுக்கும் இரண்டு விதி.

உதவியே சண்டையை மூட்டுவதும் உண்டு. பிலிப்பைன்ஸில் அப்படி நடந்ததை வெளிநாட்டு ஆய்வாளர்கள் மூவர் 2014இல் எழுதினார்கள். உலக வங்கியின் கடனில் ஏழை ஊர்களுக்கு வீதியும் கிணறும் பாடசாலையும் கட்டும் திட்டம் அது. திட்டம் கிடைத்த ஊர்களில் சாவு கூடியது, அதுவும் கட்டுமானம் தொடங்கும் முன்பே, கூட்டம் வைத்து ஆயத்தம் செய்த மாதங்களில். சனம் அரசின் பக்கம் சாய்ந்துவிடும் என்று கிளர்ச்சிக்காரர் பயந்து தாக்கினார்கள் என்பது அந்த ஆய்வாளர்கள் கண்ட விளக்கம். அதே நாட்டில் ஏழைக் குடும்பங்களின் கையில் நேரே காசு கொடுத்த வேறொரு திட்டம் சண்டையைக் குறைத்தது என்றும் பின்னர் எழுதினார்கள். ஆகவே எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டுவதோடு வேலை முடிவதில்லை.

என் மனதை இன்றும் தாங்கி நிற்பது கல்லோயா. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்போம். சுதந்திரத்தின் பின் அமெரிக்கக் கம்பனி ஒன்று அணையைக் கட்டியது. மேற்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றம், கீழே கரையோரமாகத் தமிழ், முஸ்லிம் வட்டைகள். 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்ட நாட்களில், அந்தப் பள்ளத்தாக்கில் தமிழர் இரத்தம் சிந்தியது. எங்கள் மூத்தவர்கள் அதைப் பேச வெளிக்கிட்டால் குரல் தாழ்ந்துவிடும்.

அதே கல்லோயாவின் இடதுகரை வாய்க்கால்களைத் திருத்த 1980 அளவில் அமெரிக்க உதவி வந்தது. நாட்டிலேயே மிக மோசமான நீர்த்திட்டம், சண்டைக்காரக் கமக்காரர் என்று பேர்போன இடம். கமநல ஆராய்ச்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து படித்த இளைஞர்களைக் கிராமங்களில் குடியிருக்க அனுப்பின. அவர்கள் சங்கம் பதிந்து தலைவரைத் தேடவில்லை. ஒரே கிளை வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டி, முதலில் வாய்க்காலில் மண் அள்ள வைத்தார்கள். வேலை நடந்த பிறகு, வாக்கெடுப்பில்லாமல், எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள். கட்சிக்கு அங்கே இடமில்லை.

அணைக் குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த போகம் அது. இருந்தும் முறை வைத்துப் பாய்ச்சினார்கள். மேலே இருந்த சிங்களக் கமக்காரர் தங்கள் வயலுக்குப் போதும் என்றதும் மடையை அடைத்து, மிச்சத்தைக் கீழே விட்டார்கள். வாய்க்காலின் கடைசியில் தமிழர் வயலும் இருந்தது அவர்களுக்குத் தெரியாததல்ல. இதை நோர்மன் உப்ஹோவ் என்ற பேராசிரியர் ஒரு புத்தகமாகவே எழுதினார். 1983க்குப் பின் வந்த போரை ஒரு வாய்க்கால் குழு தடுத்திருக்க முடியாது. அந்தப் பாரத்தை அந்த மனிதர்கள் தலையில் ஏற்றுவது அநியாயம். ஆனால் 1956ஐ மறக்காத மண்ணில், கையில் மண்வெட்டியோடு பத்துப் பேராய்ச் சேர்ந்து அவர்கள் தண்ணீரைப் பங்கு வைத்தார்கள்.

இன்று திட்ட அலுவலகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து பேசுவார்கள். மடிக்கணினியில் வரைபடம் காட்டுவார்கள். பயனாளிகள் பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் அடிக்கல் என்பார்கள். பட்டியலில் சேராத பக்கத்து ஊர் எது, அங்கேயிருந்து யார் கூட்டத்துக்கு வந்தது என்று நான் கேட்பேன். பேர் சொல்லத் தெரியாவிட்டால் அடிக்கல்லைத் தள்ளிவையுங்கள் மக்காள், அடுத்த கூட்டத்தை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வையுங்கள்.