போர்ட்டபெல்லோ ரோட்டில் ஒரு ஷேவிங் பிரஷ்

லண்டனுக்குப் போகிறவர்கள் பிக்பென் பார்ப்பார்கள். மெழுகு பொம்மையின் தோளில் கை போட்டு போட்டோ எடுத்துக் கொள்வார்கள். நான் போய் ஷேவிங் பிரஷ் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் அக்கா வீட்டுக்காரரின் புண்ணியம்!

ஆபீஸ் வேலையாக மூன்று வாரம். ஓட்டல் செலவை மிச்சம் பிடிக்க ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டில் ஜாகை. தெருவில் இறங்கினால் தோசை வாசனை, காய்கறிக் கடையில் முருங்கைக்காய். 'வந்தது லண்டனா, இல்லை தி.நகரா?' என்ற சந்தேகத்தோடு முகம் கழுவ பாத்ரூம் அலமாரியைத் திறந்தேன். அறுபது ஷேவிங் பிரஷ்கள் வரிசையாக நின்று என்னை முறைத்தன. கொம்புப் பிடி, எலும்புப் பிடி, மரப் பிடி, பேக்கலைட் பிடி...

"தலையில முடி கொட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க மாமாவுக்கு முடி சேர்க்கிற பைத்தியம்டா" என்றாள் அக்கா.

சனிக்கிழமை காலையில் மாமா என்னை எழுப்பிவிட்டார். "கிளம்புங்க மாப்ளே, லேட்டானா நல்ல சரக்கெல்லாம் போயிடும்."

ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன். மைல் எண்டில் இறங்கி, எதிர் பிளாட்பாரத்தில் சென்ட்ரல் லைன். நாட்டிங் ஹில் கேட்டில் வெளியே வந்து கூட்டத்தின் பின்னாலேயே நடந்தால் போர்ட்டபெல்லோ ரோடு. ரோஸ், நீலம், மஞ்சள் என்று ஸ்வீட் ஸ்டால் தட்டு மாதிரி வீடுகள். 1999-ல் வந்த 'நாட்டிங் ஹில்' படத்தை இங்கேதான் எடுத்தார்கள் என்று பாதிக் கூட்டம் போட்டோ எடுக்கிறது. மீதிக் கூட்டம் பழைய சாமான் வாங்குகிறது. வெள்ளி ஸ்பூன், ஓடாத கடிகாரம், யாரோ ஒருவருடைய தாத்தாவின் போட்டோ. நம் ஊர் மூர் மார்க்கெட்டுக்குக் கோட்டு மாட்டிவிட்டது போல!

மாமா பாக்கெட்டிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்தார். பாடம் ஆரம்பம்.

"முதல்ல முடியைப் பாருங்க. உசத்தி பிரஷ்னா பாட்ஜர் முடி." பாட்ஜர் என்பது முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட, வளை தோண்டும் பிராணி. முடியின் நுனி வெளுப்பு, நடுவில் கறுப்புப் பட்டை. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சோப்பை வெண்ணெய் போல நுரைக்க வைக்கும்.

"அடுத்தது, பிடியில என்ன முத்திரைன்னு பாருங்க. பேரு அழிஞ்சு போயிருந்தாலும் விலாசம் காட்டிக் கொடுத்துடும். லண்டன்னு போட்டு, பக்கத்துல டபிள்யூ 1, ஈ.சி. 1னு நம்பர் இருந்தா அது 1917-க்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது. அந்த வருஷம்தான் தபால் வட்டங்களுக்கு நம்பர் கொடுத்தான்."

இப்படியே கென்ட் கம்பெனி பிறந்தது 1777-ல், சிம்ஸன் 1919-ல் என்று ஜாதகம் சொல்லிக்கொண்டே வந்தார். சிம்ஸனின் லண்டன் பட்டறை இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து அழிந்ததாம். அதன் பின் சோமர்செட்டுக்குப் போய், இப்போது மான் தீவில் குடித்தனம்.

நானும் ஒன்று பொறுக்கினேன். மஞ்சளாகிப்போன எலும்புப் பிடி. பேர் தேய்ந்திருந்தது. ஆனால் ஒரு டிசைன் ரிஜிஸ்டர் நம்பரும், கீழே கொட்டை எழுத்தில் 'ஸ்டெரிலைஸ்டு' என்ற வார்த்தையும் தெளிவாக இருந்தன. கடைக்காரப் பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். "பதினைந்து பவுண்டு, டார்லிங்" என்றார். அந்த டார்லிங்கில் உருகிப் போய், பேரம் பேச மறந்து கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை. முகத்தை நனைத்து, புது பிரஷ்ஷில்... பழைய பிரஷ்ஷில்தான்... சோப்பைக் குழைக்கப் போனேன்.

"மாப்ளே! கீழே போடுங்க!"

மாமா அலறிய அலறலில் அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"ஸ்டெரிலைஸ்டுன்னு போட்டிருக்கே மாமா?"

"அப்படி ஏன் போட்டான்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. மாமா சொன்னார்.

முதல் உலகப் போருக்கு முன்பு பாட்ஜர் முடி ரஷ்யா வழியாக ஜெர்மனிக்குப் போகும். அங்கே தரம் பிரித்து, சுத்தம் செய்து அனுப்புவார்கள். 1914-ல் போர் வந்தது, வழி அடைந்தது. பதிலுக்குச் சீனாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் குதிரை முடி வந்தது. அதற்குச் சாயம் ஏற்றி பாட்ஜர் மாதிரியே வேஷம் கட்டினார்கள். சுத்தம் செய்வதில் கோட்டை விட்டார்கள். முடியோடு சேர்ந்து வந்தது ஆந்த்ராக்ஸ்!

வேடிக்கை பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் 1916 வரை மேலுதட்டை மழிக்கக் கூடாது என்றே சட்டம். ஆனால் விஷவாயுப் போரில் முகமூடி இறுக்கமாகப் பொருந்த, தாடி இல்லாத கன்னம் வேண்டும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ஷேவ் பண்ணினான் சிப்பாய். பிளேடு கீறிய இடத்தில் பிரஷ் கிருமியைத் தேய்த்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ராணுவத்தார், சாதாரண ஆட்கள் என்று இருநூறு பேருக்கு மேல் நோய் கண்டது, பலர் இறந்தார்கள். எதிரியின் குண்டில் இல்லை, சோப்பு நுரையில். 1920-ல் ஜப்பானிலிருந்து ஷேவிங் பிரஷ் வருவதற்கே பிரிட்டன் தடை போட்டது.

"அதுக்கப்புறம் ஜனங்க பிரஷ்ஷைத் தொடவே பயந்தாங்க. அந்த பயத்துக்குப் பதில்தான் இந்த முத்திரை. ஆந்த்ராக்ஸ் வித்து பல வருஷம் சாகாம கிடக்கும். அபாயம் ரொம்பக் கம்மிதான். ஆனாலும் 1930-க்கு முந்தின பிரஷ்ஷை முகத்துல வைக்காதேன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்து டாக்டர்களே 2017-ல எழுதியிருக்காங்க. பார்க்கலாம், தடவக் கூடாது."

கையை மூன்று தடவை கழுவினேன்.

ஆனால் பிரஷ் என்னை விடவில்லை. இதைச் செய்த மனுஷன் யார்? அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டு, அதே டிஸ்ட்ரிக்ட் லைனில் மறு கோடியில் இருக்கும் கியூ கார்டன்ஸ் போனோம். தேசிய ஆவணக் காப்பகம். பேனா உள்ளே போகக் கூடாது, பென்சில் மட்டும். 1884 முதல் டிசைன்களுக்கு வரிசையாகக் கொடுத்த நம்பர்கள் தடித்தடி ரிஜிஸ்டர்களில் இருக்கின்றன. மாமா விரலை ஓட்டி ஓட்டி, ஒரு வரியில் நிறுத்தினார். எங்கள் நம்பர்! 1920-களின் தொடக்கம். பக்கத்தில் பிரஷ் செய்பவர் ஒருவரின் பெயர், கிழக்கு லண்டன் விலாசம். அக்கா வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி!

அன்று சாயங்காலமே போனோம். பட்டறை இல்லை. கண்ணாடி பதித்த அடுக்குமாடி நின்றது. ஊர் பயந்து நின்ற காலத்தில், 'என் சரக்கை நம்புங்கள்' என்று எலும்பில் எழுதி விற்ற ஒரு சின்ன முதலாளி. நூறு வருஷம் கழித்து அவரைத் தேடி வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். மாமா தொப்பியைக் கழற்றினார். குளிருக்காகப் போட்ட குரங்குக் குல்லாதான். ஆனாலும் மரியாதை மரியாதைதான்.

பிரஷ் இப்போது என் ஷோகேஸில், கண்ணாடிக்குப் பின்னால்.

ஊர் திரும்பியதும் சலூனுக்குப் போனேன். கடைக்காரர் பிரஷ்ஷைத் தூக்கியதும் சட்டென்று அவர் கையைப் பிடித்தேன்.

"பயப்படாதீங்க சார், டெட்டால்ல முக்கி வச்சிருக்கேன்" என்றார்.

நூறு வருஷத்துக்கு முந்திய அந்த முத்திரையை, தமிழில் படித்தது போல இருந்தது. தைரியமாகக் கன்னத்தைக் காட்டினேன்.