வண்டி படம் எடுக்கப் போன ஞாயிறுகள்

சுகர், பிரஷர் பத்தி எழுதாம இன்னைக்கு வேற ஒண்ணு. கொஞ்சம் நீளமான த்ரெட். ஞாயிற்றுக்கிழமைதானே, டீயோட உட்கார்ந்து பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு கேள்வி. பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கூடுதலா ஒவ்வொரு சக்கரம் வச்ச ஸ்கூட்டரை நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க? அதை ஓட்டினவருக்கு என்ன வயசு இருக்கும்?

பதிலை மனசுல வச்சுக்கோங்க. அங்கேதான் வரப் போறேன்.

எனக்குப் பழைய வண்டிகளைப் படம் எடுக்கிற பைத்தியம் உண்டு. பெரிய போட்டோகிராபர் எல்லாம் கிடையாது. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ஒரு கேமரா, ஒரு 50 எம்.எம். லென்ஸ், அவ்வளவுதான். ஞாயிறு காலை 6 மணிக்கு மதுரையில மாசி வீதிகள் பக்கம் போனா எட்டரைக்குள்ள திரும்பிடுவேன். அதுக்கு மேல வெயில் உச்சியில ஏறிடும். படத்துல குரோமியம் எல்லாம் வெள்ளையா வெடிச்சுப் போயிடும். காலை வெயில் சாய்ஞ்சு விழும்போதுதான் துருவோட நிறம், பெயின்ட் உரிஞ்ச இடத்துல அடியில இருக்கிற பழைய பெயின்ட், எல்லாம் தெரியும்.

அந்த நேரத்து ஊரே தனி. கறிக்கடை வாசல்ல தூக்குவாளியோட வரிசை. கீழ மாசி வீதியில மூட்டை இறக்குற சத்தம். வாசல் தெளிச்சுக் கோலம் போடுறவங்க, நிக்கிற வண்டியைச் சுத்தியும் கோலம் போட்டிருப்பாங்க. பல வருஷமா நகராத ஒரு அம்பாசிடர் இருக்கு. கோலம் அதோட நாலு டயரையும் தொடாம வளைஞ்சு போகும். அந்தப் படம்தான் எங்க கிளினிக் வெயிட்டிங் ஹாலில மாட்டியிருக்கு.

அம்பாசிடர் பத்தி உங்களுக்கே தெரியும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை வச்சு 1957ல வந்த வண்டி. 2014 மே மாசம் உற்பத்தி நின்னுச்சு. எங்க சின்ன வயசுல ஊருக்கு ஆம்புலன்ஸ், கல்யாணக் கார், பிரசவ வண்டி எல்லாமே அதுதான். பின் சீட்டு கட்டில் மாதிரி நீளமா இருக்கும். அதுலேயே குழந்தை பிறந்த கதை உங்க வீட்லயும் ஒண்ணு இருக்கலாம்.

டி.வி.எஸ். 50 இன்னொரு ரகம். 1980ல ஓசூர்லேர்ந்து வந்தது, ரெண்டு பேர் உட்காரக் கூடிய மொபெட். ரெண்டு பேர்னு சும்மா சொல்லிக்கிட்டாங்க. நான் எடுத்த படங்கள்ல ஒண்ணுல கூட ரெண்டு பேர் மட்டும் போகலை. பால் கேன், பூக்கூடை, கீரைக்கட்டு, கோழிக் கூண்டு. பழைய வண்டின்னா மியூசியத்துல தொடைச்சு வச்சதைப் பார்க்கிறதைவிட இப்படி வேலை பார்க்கிற வண்டியைப் பார்க்கிறதுதான் எனக்குப் பிடிக்கும்.

ஒரு சின்ன டிப்ஸ். பழைய வண்டியை நின்ன வாக்குல எடுக்காதீங்க. ஹெட்லைட் உயரத்துக்குக் குனிஞ்சு எடுங்க, முகம் மாதிரி வரும். நம்பர் பிளேட்டையும் கவனிங்க. டி.என். 59ன்னு இல்லாம மூணு எழுத்து, பிறகு நம்பர்னு இருந்தா, அது 1980கள் முடியறதுக்குள்ள பதிவான வண்டின்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம். வெளியில பகிரும்போது அந்த நம்பரை மறைச்சிடுங்க. உரிமையாளரைக் கேட்காம எடுக்கவே எடுக்காதீங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ரெண்டு வருஷம் முன்னாடி கம்ப்யூட்டர்ல இடம் இல்லைன்னு படங்களைப் பிரிச்சு அடுக்கினேன். சேத்தக் ஒரு ஃபோல்டர், லாம்பிரெட்டா ஒரு ஃபோல்டர், இப்படி. பக்கச் சக்கரம் வச்ச ஸ்கூட்டர்னு தனியா ஒண்ணு போட்டேன். 19 வண்டி சேர்ந்துச்சு. அதுல 14 பேர் வண்டியோட சேர்ந்து படத்துல இருக்காங்க. பெரும்பாலானவங்களுக்கு ஒரு கால் மட்டும் சூம்பிப் போயிருக்கும், சிலருக்குக் காலிப்பர். பார்த்ததுமே தெரியுது, போலியோ.

14 பேர்ல ஒருத்தர் கூட முப்பதுக்குக் கீழே இல்லை.

இது ஆராய்ச்சி எல்லாம் இல்லை, ஒரு ஆள் ஞாயிறு காலையில எடுத்த படங்கள். ஆனா நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வண்டிக்கு வயசாகுதுன்னு நினைச்சு எடுத்துக்கிட்டிருந்தேன். ஓட்டுறவங்களுக்கும் சேர்ந்து வயசாகுது. அவங்களுக்குப் பின்னாடி வரிசையில யாரும் இல்லை.

போலியோ பத்திச் சுருக்கமா சொல்லிடறேன், இருபது வயசுல இருக்கிறவங்க நிறைய பேர் படிக்கிறீங்க. மலத்தால அசுத்தமான தண்ணி, உணவு வழியா வாய்க்குள்ள போற வைரஸ். குடல்ல பெருகும். தொற்று வந்த பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒண்ணும் ஆகாது. சுமார் 200ல ஒரு குழந்தைக்கு மட்டும் தண்டுவடத்துல தசைகளை இயக்கற நரம்பு செல்களை அழிச்சிடும். பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழே, பெரும்பாலும் கால்ல. செத்த செல் திரும்ப வராது. தொடு உணர்ச்சி அப்படியே இருக்கும். வெயில்ல தரை சுட்டா அந்தக் கால்லயும் சுடும், ஆனா இழுத்துக்க முடியாது.

நம்ம ஊர்ல பழைய அம்மாக்கள் ஒண்ணு சொல்வாங்க: “காய்ச்சல்னு ஊசி போட்டேன், மறுநாள் கால் போச்சு.” இதை மூடநம்பிக்கைன்னு தள்ள முடியாது. போலியோ வைரஸ் ஏற்கெனவே உடம்புல இருக்கிறப்போ தசையில போடற ஊசி, அந்தக் காலிலேயே வாதம் வர்ற வாய்ப்பைக் கூட்டும்னு மருத்துவ உலகமே ஒத்துக்கிட்டிருக்கு. காரணம் வைரஸ்தான். அந்த அம்மாக்கள் பார்த்ததும் உண்மைதான்.

அந்த 19 வண்டில ஒண்ணைப் பத்திச் சொல்லணும். சேத்தக், பச்சை நிறம். ஓட்டுறவருக்கு அம்பத்தேழு வயசு. முன்னாடி எஸ்.டி.டி. பூத் வச்சிருந்தார், இப்போ அதே இடத்துல ஜெராக்ஸ் கடை. நான் கேமராவை எடுத்ததும் கேட்டார்:

“தம்பி, காலை எடுக்கப் போறீங்களா, வண்டியையா?”

“வண்டியைத்தாண்ணே.”

“அப்ப எடுங்க. எங்க காலைத்தான் நிறைய பேர் எடுத்திருக்காங்க.”

நான் டாக்டர்னு அப்போ சொல்லலை. வண்டி பத்திப் பேச ஆரம்பிச்சோம். ஒரு மணி நேரம் போச்சு.

பக்கச் சக்கரம் வச்சா பேலன்ஸ் பிரச்சினை தீர்ந்துச்சுன்னுதானே நீங்களும் நானும் நினைப்போம்? டூவீலர் வளைவுல சாயும். இது சாயாது. வேகமா திருப்பினா வெளிப் பக்கம் தூக்கிப் போடும், அதனால உடம்பை உள்பக்கம் சாய்ச்சு உட்கார்ந்துதான் திருப்பணும். பள்ளத்துல பின் சக்கரம் மட்டும் இறங்கி, பக்கச் சக்கரம் ரெண்டும் மேட்டுல நின்னுட்டா, பின் சக்கரம் காத்துல சும்மா சுத்தும், வண்டி நகராது. “நம்ம ஊர் ரோட்டுல இதை ஓட்டினவன் கப்பலே ஓட்டலாம்”னு சிரிச்சார்.

சேத்தக்ல பின் பிரேக் வலது கால்ல. அவருக்குப் பாதிச்சது அதே கால். லேத் பட்டறையில சொல்லி பிரேக்கைக் கைக்கு மாத்தியிருக்கார். ஆனா கிக்கர்? அதுவும் வலது பக்கம்தான். அதை மாத்த வழியில்லை. அதனால தினமும் காலையில தெருவுல போற யாரையாவது கூப்பிடுவார்: “தம்பி, ஒரு உதை குடுத்துட்டுப் போ.” ஸ்கூல் பசங்க வரிசையில நின்னு உதைச்ச காலம் உண்டாம். பிறகு 1980களின் நடுவில கைனடிக் ஹோண்டா வந்துச்சு. கியர் இல்லை, பட்டன் அழுத்தினா ஸ்டார்ட். “அது எங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருந்துச்சு, ஆனா விலை எங்களுக்காகச் செஞ்ச மாதிரி இல்லை.”

அப்புறம் ஆர்.சி. புக்கை எடுத்துக் காட்டினார். வண்டி வகைன்னு இருக்கிற இடத்துல ஆங்கிலத்துல ‘இன்வேலிட் கேரேஜ்’. அந்தக் காலச் சட்டத்துல மாற்றுத்திறனாளிகளுக்கான வண்டிக்கு அதுதான் பேர். அவர் மகள் எட்டாவது படிக்கிறப்போ அதை எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுக் கேட்டிருக்கு:

“அப்பா, இன்வேலிட்னா செல்லாதுன்னு அர்த்தம்தானே?”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கலை. நானும் ஒண்ணும் சொல்லலை.

2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்போ அந்தச் சொல்லை எடுத்துட்டு ‘அடாப்டட் வெஹிகிள்’, அதாவது தேவைக்கேத்த மாதிரி மாத்தி அமைச்ச வண்டின்னு வச்சாங்க. அவர்கிட்ட இதைச் சொன்னேன். “அப்படியா, நல்லது. என் புக்குல பழசுதான் இருக்கு”ன்னார். சொல்லை மாத்த முப்பது வருஷம் எடுத்துக்கிட்டாங்கன்னு எனக்குத்தான் கோபம் வந்துச்சு. அவர் அடுத்த ஜெராக்ஸை எடுக்கப் போயிட்டார்.

கிளம்பும்போதுதான் பேச்சுவாக்குல சொன்னார்: “இப்ப கொஞ்ச நாளா நல்ல காலும் சோர்ந்து போகுது தம்பி. தோள்பட்டையும் வலி. வயசாகுதுல்ல.” அங்கேதான் நான் டாக்டர்னு சொல்ல வேண்டியதாச்சு.

உங்க வீட்லயோ தெருவுலயோ சின்ன வயசுல போலியோ வந்தவங்க இருந்தா இதைக் கவனமா படிங்க. போலியோ வந்து பல வருஷம் நல்லா இருந்துட்டு, பிறகு புதுசா தசை பலவீனம், சீக்கிரம் களைப்பு, மூட்டு வலி வரலாம். போஸ்ட் போலியோ சிண்ட்ரோம்னு பேர். வைரஸ் திரும்ப வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை, யாருக்கும் ஒட்டாது. தப்பிச்ச நரம்பு செல்கள் செத்ததோட வேலையையும் சேர்த்து இத்தனை வருஷம் பார்த்துச்சு. இப்போ அதுங்க தளர்ந்து போகுது. வயசுன்னு விட்டுடாதீங்க. தைராய்டு, ரத்தசோகை மாதிரி வேற காரணம் இருக்கான்னு முதல்ல பார்க்கணும். சோர்வை மீறி உடற்பயிற்சி பண்ணினா இதுல கெடுதல். இடையிடையே ஓய்வு, பிசியோதெரபி, காலிப்பரைச் சரி பார்க்கிறது, எடையைக் கட்டுக்குள்ள வைக்கிறது, இதெல்லாம் உதவும். அவரும் வந்து பார்த்தார். இப்போ கடையில உயரமான ஸ்டூல் போட்டிருக்கார், மதியம் ஒரு மணி நேரம் படுக்கிறார்.

ஊர்ல இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் ஒரே நாள்ல சேர்த்துச் சொட்டு மருந்து கொடுக்கிற முறையை 1980களிலேயே வேலூர்ல செஞ்சு காட்டினவர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். நாடு முழுக்க அது 1995ல ஆரம்பிச்சது. இந்தியாவுல காட்டு வகை போலியோவோட கடைசி நோயாளி 2011 ஜனவரியில, மேற்கு வங்கத்துல ஒரு சின்னப் பெண் குழந்தை. 2014 மார்ச் 27ல போலியோ இல்லைன்னு சான்றிதழ் கிடைச்சது. அம்பாசிடர் நிக்கிறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, ஆனா வண்டிப் பைத்தியத்துக்கு இப்படித்தான் ஞாபகம் இருக்கும்.

இப்போ ஓ.பி.யில இளம் அப்பா அம்மாக்கள் கேட்கறாங்க: “அதான் இல்லையே டாக்டர், எதுக்கு இன்னும் சொட்டு மருந்து?” பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்ல இன்னும் இருக்குன்னு சொல்வேன். பிறந்ததும், 6, 10, 14 வாரத்துலயும் சொட்டு, கூடவே தடுப்பூசின்னு சொல்வேன். இந்தப் பச்சை சேத்தக் படத்தைக் காட்டலாமான்னு அவர்கிட்டயே கேட்டேன்.

“வண்டியைக் காட்டுங்க, என் கையும் தெரியட்டும். முகம் வேண்டாம். அடியில பாவம் கீவம்னு எதுவும் எழுதிடாதீங்க. கடை ஓட்டி ரெண்டு பேரைப் படிக்க வச்ச வண்டின்னு வேணா எழுதுங்க.”

அதனாலதான் இந்தப் பதிவோட இருக்கிற படத்துல ஹேண்டில்பாரும் ஒரு கையும் மட்டும் இருக்கு. நான் எழுதின தலைப்பும் அவர் சொன்னதுதான்.

அரசு கொடுக்கிற இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு மனு போட்டிருக்கார். கிடைச்சா சேத்தக்கைக் காயலான் கடைக்குத் தள்ள மனசில்லையாம். “நீங்கதான் பழைய வண்டிக்காரராச்சே, எடுத்துக்கிறீங்களா?”ன்னு போன வாரம் கேட்டார். வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்னேன். ஏற்கெனவே வாசல்ல ரெண்டு நிக்குது. இன்னும் வீட்ல கேட்கலை.