பேச்சும் பொட்டலமும்

2002 ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நமது சர்க்கார் இன்டர்நெட் வழியாக டெலிபோன் பேச அனுமதி கொடுத்தது. தேதியைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம், உத்தரவு நிஜமானதுதான். இங்கிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து அமெரிக்காவிலுள்ள டெலிபோனைக் கூப்பிடலாம். அடுத்த தெருவிலுள்ள டெலிபோனைக் கூப்பிடக் கூடாது என்றிருந்தது! இப்படியொரு நியாயத்தை சர்க்காரைத் தவிர வேறு யார் வகுக்க முடியும்?

அதற்குப் பிறகு எத்தனையோ வழிகள் வந்தன, போயின. 2003 இல் பிறந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது. வாட்ஸ்அப்பில் 2015 இல் பேச்சும் 2016 இல் முகமும் வந்தன. சேர்வராயன் மலையடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் வேண்டாம். சிங்கப்பூரிலிருக்கும் மகன் கூப்பிட்டால் பச்சைப் பொட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் மகனிடம், "கிணத்துக் காட்டை வித்துரட்டுமா சாமி?" என்று கேட்டிருக்கிறாள். மறுமுனையில் பதிலில்லை. "கோவிச்சுக்கிட்டான் கண்ணு" என்று என்னிடம் சொல்லி அழுதாள். அட்வான்சோடு வந்தவரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவன் என்னைக் கூப்பிட்டு, "ஏண்ணா, வித்துரும்மான்னுதானே சொன்னேன்?" என்றான்.

சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு விநாடிப் பேச்சைச் சாதாரணமாக ஐம்பது பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். நேரம் தவறி வரும் பொட்டலத்தைக் கேட்கும் முனை தூர எறிந்துவிடும். கடிதம் தாமதமானாலும் வாசிக்கலாம். தாமதமான சொல்லை எங்கே செருகுவது?

இன்னொரு விசித்திரம். ஒருவர் பேசாதிருக்கும்போது பொட்டலம் அனுப்புவதையே சில கருவிகள் நிறுத்திவிடும. முழு நிசப்தமானால் லைன் போய்விட்டதென்று கேட்பவர் பதறுவாரே என்று, லேசான இரைச்சலொன்றை அவர் காதருகிலேயே உண்டாக்கிப் போடுகிறார்கள். ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு சும்மா இருப்பது போலவே இருக்கும். பெற்றவளுக்கு அந்த மாதிரி மௌனத்துக்கு ஓர் அர்த்தம்தான் தெரியும்.

காடு இன்னும் விற்கவில்லை. வந்தவர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். சின்னம்மா இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் உடனே மூன்று தடவை "கேக்குதா?" என்கிறாள். மெய்யாகவே கோபமாக இருக்கும் நாளில்கூட, "கேக்குதும்மா" என்று அவன் சொல்லியாக வேண்டியிருக்கிறது.